ஸ்டோர் மூலையில் இருக்கும் றீப்பைச் சட்டம்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே உங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள், ஸ்டோர் மூலையில் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் சாத்தியிருக்கும் அந்த மரச்சட்டம் எதற்கு என்று. ஓட்டுக் கூரைக்கு அடிக்கிற றீப்பையில் நாலு துண்டு வெட்டி, நீளச் சதுரமாக ஆணியடித்த சட்டம். நீங்கள் அளந்தும் பார்த்திருக்கிறீர்கள். ஆறடி நாலு அங்குல நீளம், இரண்டடி அகலம். யன்னலுக்கும் பொருந்தாது, கதவுக்கும் பொருந்தாது, எறியட்டோ என்று கேட்டீர்கள். பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இந்த மாதக் கடைசியோடு நான் தளவேலையை விட்டு விலகுகிறேன். ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. இனித் தொழில்நுட்பக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு வரைபடம் படிப்பிக்கப் போகிறேன். உங்களிடம் ஒப்படைக்க வேண்டியதை எல்லாம் கோப்புகளில் எழுதி வைத்திருக்கிறேன்: எந்த வீட்டில் என்ன வேலை மிச்சம், எந்த மரக்காலைக்காரர் ஈரமரத்தைக் காய்ந்த மரம் என்று தலையில் கட்டுவார், எந்த வீட்டுக்காரரை ரொறன்ரோ நேரம் ஆறு மணிக்கு முன் போனில் எடுத்தால் ஏசுவார். அந்தச் சட்டம் மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் விட்ட பிழையை ஏன் விட்டேன் என்று உங்களுக்கு விளங்காது. எங்கள் வீடு உரும்பிராயில். அம்மா பிறத்தியாரின் வெங்காயத் தறையில் நாட்கூலிக்குப் போனவர், பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். அப்பா மேசன்மாருக்குக் கல்லும் சாந்தும் சுமந்து கொடுத்தவர். கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பெருவிரலை வைப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா சுமந்த கல்லில் ஏறி நின்று ஆட்கள் சுவர் கட்டினார்கள். அந்தச் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லுகிற ஆளாக நான் வந்தேன். சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தளத்துக்குள் நுழையும்போது எனக்கு ஒரு நிமிர்வு வரும். அதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. ஆனால் அந்த நிமிர்வு ஒருமுறை என் வாயை மூடிவிட்டது. அந்தக் கதைதான் இது.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு இப்போது பிடிபட்டிருக்கும். வீடு கொக்குவிலில் எழும்பும். காசு கனடாவிலிருந்து வரும். வரைபடம் கொழும்பிலிருந்து வரும். மூன்றையும் ஒரு வட்ஸ்அப் குழு கட்டி வைத்திருக்கும். அந்த வீட்டில் இருக்கப்போகிற ஆள் மட்டும் பெரும்பாலும் அந்தக் குழுவில் இருக்கமாட்டார். அவர் கொட்டிலுக்குள் நின்று எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார்.

தவமணி அக்கா அப்படித்தான் இருந்தார். அறுபத்திரண்டு வயது. கலியாணம் செய்யவில்லை. சங்கக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே தம்பி குகன் பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போனவர். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, கூரை இல்லாத வீட்டில் தகரம் போட்டு, எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து, அந்த வளவைக் காத்து வைத்திருந்தது அக்கா. 'அக்காவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும்' என்பதுதான் குகன் அண்ணை எங்களிடம் சொன்ன முதல் வசனம். மனதாரச் சொன்னார். பழைய வீட்டை இடித்தோம். அக்கா வளவின் பின்மூலையில் ஒரு தகரக் கொட்டிலுக்கு மாறினார்.

கொழும்பு ஆர்க்கிடெக்ட் நல்ல கெட்டிக்காரர். அவர் கீறிய வீட்டுக்கு முன்னால் ஒரு சுவர் இருந்தது. முன்கதவிலிருந்து நாலடி தள்ளி, கதவை மறைத்துக்கொண்டு, எட்டடி நீளத்துக்குத் தனியாக நிற்கும் சுவர். மேலே முகப்பின் கொங்கிறீட் தட்டு. தெருப் படலையால் வருகிறவர் நேரே கதவைக் காணமாட்டார். சுவரைச் சுற்றி, ஒரு திரும்பல் திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். வெயிலும் பார்வையும் நேரே உள்ளே விழாது. சுவரில் சின்னச் சின்னத் துவாரங்கள், அதற்குள்ளால் காலை வெளிச்சம் நிலத்தில் பூக்கோலம் போடும். கணினிப் படத்தைப் பார்த்ததும் குகன் அண்ணைக்கு அந்தச் சுவரில் ஆசை விழுந்துவிட்டது. எனக்கும்தான். 

அத்திவாரம் முடிந்து அந்தச் சுவருக்கு முதல் வரிக் கல் வைத்த அன்று, அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார்.

"பிள்ளை, உந்தச் சுவர் கட்டாயம் வேணுமோ?"

ஏன் அக்கா என்று கேட்டேன். தட்டைக் கல்லடுக்கின் மேல் வைத்தார்.

"அலுமாரி ஒண்டு கொண்டு போறதெண்டாலும் திரும்பாதெல்லே."

நான் வரைபடத்தை விரித்து, கிணற்றடிப் பக்கம் எட்டடி அகலத்தில் இழுவைக் கதவு வருவதைக் காட்டினேன். அலுமாரி, கட்டில், குளிர்ப்பெட்டி எல்லாவற்றையும் அதனால் கொண்டுபோகலாம் என்று விளங்கப்படுத்தினேன். நன்றாகவே விளங்கப்படுத்தினேன். அக்கா தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது இரண்டாம் முறை கேட்டார். அன்றைக்குத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறார் போல. குகன் அண்ணை குழுவில் எழுதினார்: அக்கா அந்தச் சுவர் வேண்டாம் என்கிறா, என்ன செய்யலாம்? ஆர்க்கிடெக்ட் உடனே பதில் போட்டார், அந்தச் சுவரை எடுத்தால் அது வேறு வீடு என்று. அதன் கீழே நான் எழுதினேன்:

'அக்காவுக்கு விளங்கப்படுத்திவிட்டேன். பிரச்சினை இல்லை.'

அடுத்த நிமிடம் ஆர்க்கிடெக்ட் என்னைத் தனியாகப் போனில் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் தன் வரைபடத்தை ஒழுங்காக வாசிக்கிற ஒரே ஆள் நான்தான் என்றார். அன்று பின்னேரம் அதை வீட்டில் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒன்றும் விளங்காமலே சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது.

இங்கே ஒன்றை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும், உங்களில் சிலர் இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. கட்டுகிற வீட்டில் சாவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. அத்திவாரத்தில் முதல் கல் வைத்த நாளிலிருந்து, பால் காய்ச்சிக் குடிபூரல் வரைக்கும் அந்த வளவுக்குள் யாரும் அந்தக் கதை எடுக்கமாட்டார்கள். வேலையாட்கள்கூட அயலில் ஒரு செத்தவீடு என்றால் 'ஒரு அலுவல்' என்று சொல்லித்தான் அரைநாள் லீவு கேட்பார்கள். நான் இந்த ஊர்ப் பிள்ளை. எனக்கு இது தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. கல் வைக்க முன்னம், அத்திவாரம் வெட்டிய நாட்களில், ஒரு மழைப்பொழுதில், கொட்டிலுக்குள் ஒதுங்கி நின்றபோது அக்கா தன் தாயாரைப் பற்றிச் சொன்னார். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்த காலத்தில் தாயார் காலமானார். வீட்டுக்காரர் நல்ல சனம். ஆனால் அந்த வீட்டில் அடுத்த கிழமை ஒரு கலியாணம் இருந்தது. முன்வாசலால் கொண்டுபோகக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. பின்பக்கத்தால், ஆட்டுக்கொட்டில் அருகால், வேலியைப் பிரித்து ஒழுங்கைக்குக் கொண்டுபோனார்கள். 'அம்மாவைக் களவெடுத்துக்கொண்டு போன மாதிரிப் போனம்' என்றார் அக்கா. மழை விட்டதும் நான் தளத்துக்குப் போய்விட்டேன்.

செல்வம் அண்ணையை உங்களுக்குத் தெரியும், இப்போதும் எங்களோடு இருக்கிற தலைமை மேசன். என் அப்பாவோடு வேலை செய்தவர். என்னை 'மிஸ்' என்று கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி பகிடி. சுவர் இடுப்பளவு வந்த நாளன்று வேலை முடிந்து அவருடைய சைக்கிளும் என் ஸ்கூட்டியும் றெயில் கடவையில் ஒன்றாக நின்றன. றெயில் வரும்வரை காத்திருந்தோம். வளவுக்குள் சொல்லக்கூடாத கதை என்பதால் அதுவரை பொத்தி வைத்திருந்திருக்கிறார்.

"மிஸ், அந்தச் சுவர் எழும்பினாப் பிறகு ஆள் நடந்து போகலாம், வரலாம்," என்றார். "கிடந்து போகேலாது."

றெயில் போனது. கடவை திறந்தது. பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அலுமாரி என்று அக்கா சொன்னது என்ன என்று விளங்கியது. ஆட்டுக்கொட்டில் அருகால் போன வழியும் விளங்கியது. விளங்காமல் விட்ட பிழை என்றால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நான் செல்வம் அண்ணையிடம் சொன்னது இதுதான்: "அண்ணை, நீங்கள் வரைபடத்திலை இருக்கிறதைக் கட்டுங்கோ."

"ஓம் மிஸ்," என்றார். "நீங்கள் படிச்சனீங்கள்."

அன்று சுவர் இடுப்பளவுதான். அரைநாள் வேலையில் எடுத்திருக்கலாம். ஆனால் அதற்கு நான் குழுவில் எழுத வேண்டும், பிரச்சினை இருக்கிறது, நான் சொன்னது பிழை என்று. யாழ்ப்பாணத்தில் வரைபடம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், கட்டிடக் கலையில் தேர்ந்த ஒருவரிடம் போய், பிரேதப் பெட்டி திரும்பாது என்று சொல்ல வேண்டும். கல்லுச் சுமந்தவரின் மகள் அந்தப் பழைய கதைகளோடுதான் வந்திருக்கிறாள் என்று அவர் நினைப்பார் என்று எனக்குப் பட்டது. அவர் அப்படி நினைத்திருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

சுவர் எழும்பியது. அக்கா மூன்றாம் முறை கேட்கவில்லை.

கூரை வேலை நடந்த காலத்தில் அக்கா மெலிந்துகொண்டு வந்தார். கிழமைக்கு ஒருநாள் காலையில் வெளிக்கிட்டுப் போவார், இணுவில் கோயிலுக்கு என்பார். ஒருநாள் கைப்பையிலிருந்து கொட்டில் பூட்டின் திறப்பை எடுக்கும்போது கிளினிக் கொப்பி கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். மேலே என்ன எழுதியிருந்தது என்று இருவருமே பார்த்தோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பிக்குச் சொல்லிப்போடாதையும். அவன் வேலையை நிப்பாட்டிப்போட்டு ஓடி வருவான். எனக்கு இந்த வீட்டுக்கை ஒருக்கா இருக்கோணும்."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, 'எப்ப முடியும் பிள்ளை' என்று அக்கா கேட்டபோதெல்லாம் என்னால் சும்மா ஒரு பதில் சொல்ல முடியவில்லை. மாபிள் பதிக்கிற ஆட்களை இரண்டு குழுவாக்கினேன். சமையலறை மேல் அலுமாரிகளைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளினேன். ஆவணியில் நாள் வைத்தார்கள். அந்த நாளுக்கு வீட்டைக் கொடுத்தேன். அந்த அவசரத்தில் ஒருநாள்கூட அந்தச் சுவரைப் பற்றி நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றித்தானே உள்ளே போனேன்.

குடிபூரலுக்குக் குகன் அண்ணை குடும்பத்தோடு வந்தார். பால் பொங்கியது. சனம் முழுக்க அந்தச் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்தது. அக்கா புதுச் சேலையோடு, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, அதைச் சுற்றி மெல்ல நடந்து வந்தார்.

"ஆர் வந்தாலும் சுத்தித்தான் வரோணும் என்ன," என்றார்.

"அக்கா, உதுதான் இப்பத்தையான் ஸ்டைல்," என்று தம்பி சிரித்தார். அக்காவும் சிரித்தார். நான் அப்போது மாலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஐந்து கிழமை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நாலு நாள். புதன்கிழமை காலை அக்கா காலமானார்.

குகன் அண்ணைக்கு விமானம் கிடைத்துவிட்டது. வெள்ளி காலையில் வீட்டுக்கு வந்துவிடுவார். அதுவரை பிரேதத்தை மலர்ச்சாலையில் வைத்திருந்து, வெள்ளி எட்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து, பதினொரு மணிக்குக் கிரியை தொடங்குவது என்று உறவினர்கள் முடிவெடுத்தார்கள். வியாழன் மத்தியானம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவுடைய ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். பெட்டியை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று அவரிடம் கேட்டேன். கிணற்றடிப் பக்கத்து இழுவைக் கதவால்தான், நல்ல அகலம், என்ன பிரச்சினை என்றார். வெளியே எடுப்பதும் அதனாலேயே, வீட்டைச் சுற்றிப் பின்பக்கத்தால் கொண்டுவந்து படலைக்குத் திருப்பலாம் என்றார்.

அந்தக் கதவை அக்காவுக்குக் காட்டியவள் நான்தான். அலுமாரிக்கு.

குகன் அண்ணைக்கு எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது, வானத்தில் இருந்தார். ஆர்க்கிடெக்டுக்கு எடுத்தேன். அக்காவின் செய்தி கேட்டு உண்மையாகவே வருந்தினார். பிறகு நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லையும் தொடக்கூடாது என்றார். ஒருநாள் விஷயம்தானே, பக்கத்துக் கதவு இருக்கிறதுதானே என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. நாளைக்கு உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால் நானும் அதைத்தான் சொல்வேன், சம்மதம் வாங்குங்கள் என்று. ஆனால் சம்மதம் தர வேண்டியவர் வானத்தில் இருந்தார். யாரிடம் முதலே சம்மதம் கேட்டிருக்க வேண்டுமோ அவர் மலர்ச்சாலையில் இருந்தார்.

முதலில் எனக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. நான் நினைப்பது பிழையாக இருந்து, பெட்டி திரும்புமென்றால் சுவரைத் தொடத் தேவையில்லை. மலர்ச்சாலைக்குப் போன் எடுத்து அளவு கேட்டேன். செல்வம் அண்ணை வந்தார். பின்னால் மிச்சமாகக் கிடந்த றீப்பையில் நாலு துண்டு வெட்டி, அந்த அளவுக்குச் சட்டம் அடித்தோம். அவர் ஒரு தலைப்பைப் பிடித்தார், நான் மற்றத் தலைப்பைப் பிடித்தேன். சுவரைச் சுற்றி வந்து, கதவுக்குத் திருப்பினோம். முன்மூலை நிலையில் இடித்தது. பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்பினோம். பின்மூலை சுவரில் இடித்தது. மூன்று முறை பார்த்தோம். அந்த மூலையில் இடித்த அடையாளம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

"சரிச்சா போகும் மிஸ்," என்றார் செல்வம் அண்ணை, மெதுவாக.

"சரிக்கிறேல்லை," என்றேன்.

இனி என் படிப்பு எதற்கு உதவியது என்று சொல்கிறேன். அந்தச் சுவர் மேலே இருந்த கொங்கிறீட் தட்டைத் தாங்குகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. தாங்கினால், உடைக்கிற ஆளின் தலையில் தட்டு வரும். எனக்குத் தெரியும், தாங்கவில்லை. சுவரின் உச்சிக்கும் தட்டுக்கும் இடையில் அரை அங்குல இடைவெளி. நானே பக்கத்தில் நின்று விடுவித்தது. வரைபடத்தை ஒழுங்காக வாசிக்கிற ஆள் என்று எனக்குக் கிடைத்த பெயரை அன்றைக்கு ஒருமுறைதான் சரியாகப் பாவித்தேன். இரண்டு பேர், சம்மட்டி, அலவாங்கு. பொழுதுபட முன்னம் முடிக்கலாம்.

முதல் அடி விழுந்ததும் ஒன்றுவிட்ட அண்ணர் ஓடி வந்தார். செத்தவீட்டில் இடிக்கிறார்களோ என்று கத்தினார். பந்தல்காரரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சொந்தக்காரன் வரமுன்னம் உடைக்க நீ ஆரடி? உன்ரை கொப்பன் உந்தத் தெருவெல்லாம் கல்லுச் சுமந்து திரிஞ்சவன்."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு வருடமாக எந்த வார்த்தைக்குப் பயந்து நான் வாயை மூடியிருந்தேனோ, அதை அவர் சொல்லி முடித்துவிட்டார். அது அவ்வளவுதான்.

"ஓம், சுமந்தவர்தான்," என்றேன். "வழியை விடுங்கோ."

செல்வம் அண்ணை சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிஸ், நாளைக்குக் குகன் தம்பி கேட்டா ஆர் சொன்னதெண்டு சொல்லுறது?"

"நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

அவர் மறுபடி சம்மட்டியைத் தூக்கினார். நல்ல கட்டு, இலகுவில் விடவில்லை. அவரே கட்டியது. கடைசி வரிக் கல்லை அலவாங்கால் நெம்பி எடுத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இடிபாட்டைப் பின்வளவில் கொட்டினோம். நான் விளக்குமாறு எடுத்துத் துகளைக் கூட்டித் தண்ணீர் அடித்தேன். கதவடியில் நின்று பார்த்தால் நேரே படலை தெரிந்தது.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் குகன் அண்ணையின் வாகனம் வந்தது. படலையில் இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் விட்டுப்போன வீடு இல்லை அது. நான் கிட்டப் போனேன். சொல்ல வேண்டியதை இரண்டு வசனத்தில் சொன்னேன்.

சுவர் நின்ற இடம் வரை நடந்து வந்தார். பிறகு கேட்டார்.

"அக்கா உமக்குச் சொன்னவவோ, ஏன் வேண்டாமெண்டு?"

"இல்லை அண்ணை. அலுமாரி எண்டுதான் சொன்னவ." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். "ஆனா எனக்குத் தெரியும். சுவர் இடுப்பளவு நிக்கேக்கையே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கட்டினனான்."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். குழுவைத் திறந்து, விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். நிறுத்தி, என் பக்கம் திருப்பினார். 'பிரச்சினை இல்லை.' என் பெயர், என் படம்.

"உதை வாசிச்சுப்போட்டுத்தான் அக்காவுக்கு எடுத்தனான்," என்றார். "படிச்ச ஆக்கள் பாக்கினம், நீ சும்மா இரு எண்டு சொன்னனான்."

போனை வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

எட்டு மணிக்குப் பெட்டி வந்தது. படலையிலிருந்து நேரே கதவுக்குள் போனது. கிரியை முடிந்து, கதவிலிருந்து நேரே படலைக்கு வந்தது. எங்கும் திரும்பவில்லை, எங்கும் சரியவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் படலையோடு நின்றுவிட வேண்டும், சுடலைக்குப் போவதில்லை. நானும் மற்றப் பெண்களோடு படலையடியில் நின்றேன். அக்கா தன் வீட்டு முன்வாசலால், என்னைக் கடந்து, ஒழுங்கைக்குப் போனார். பறையொலி றெயில் கடவையைத் தாண்டிப்போய் மெலிந்தது.

இதைக் கேட்ட சிலர், கடைசியில் சரியானதைச் செய்துவிட்டாய்தானே என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். அந்த வீட்டில் அக்கா ஐந்து கிழமை இருந்தார். ஐந்து கிழமையும் அந்தச் சுவரைச் சுற்றித்தான் நடந்தார். தானும் தாயாரைப் போலப் பின்பக்கத்தால்தான் போகப்போகிறேன் என்று தெரிந்துகொண்டு, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நடந்தார். சுவரை நான் உடைத்தது அவருக்குத் தெரியாது. அந்த ஐந்து கிழமையை உடைக்க என்னிடம் சம்மட்டி இல்லை.

சுவரை மறுபடி கட்டவேண்டாம் என்றார் குகன் அண்ணை. முகப்பு நிலத்தில் எட்டடி நீளத்துக்குச் சீமெந்துத் தழும்பு இருக்கிறது. மாபிள் போட்டு மறைக்கட்டோ என்று கேட்டேன், வேண்டாம் என்றார். ஆர்க்கிடெக்ட் தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் படங்களில் சுவர் இன்னும் நிற்கிறது. அந்த வட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. நான் எழுதியதை நான் அழிக்கவில்லை.

இடித்து முடித்த அன்று செல்வம் அண்ணை சட்டத்தை உடைத்து எரிக்கப் பார்த்தார், இப்படியான சாமானை வைத்திருக்கக்கூடாது என்று. நான் விடவில்லை. பிறகு இடிபாடு ஏற்ற வந்த லொறியில் போட்டு ஸ்டோருக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்த பதினொரு வீட்டுக்கும் அது போயிருக்கிறது. முன்பக்கச் சுவர்களுக்கு நூல் அடித்து முடிந்ததும், கல் வைக்க முன்னம், நானும் இன்னொருவருமாகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படலையிலிருந்து நடுவறை வரை ஒருமுறை போய் வருவோம். நாலு வீட்டில் வரைபடம் மாறியது. இந்தக் கொழும்பு ஆர்க்கிடெக்டே ஒருமுறை மாற்றித் தந்தார். கேட்டவுடனே தந்தார்.

எனவே அதை எறியாதீர்கள். பெயின்ற் வாளிகளை அதன் மேல் சாத்தாதீர்கள், சட்டம் கோணும். புது வீடு தொடங்கும்போது கொண்டுபோங்கள். அந்த வீட்டில் இருக்கப்போகிற ஆள் யார் என்று பார்த்து, அவர் நிற்கும்போதே செய்யுங்கள். அவர் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். எதற்குப் பிள்ளை உது என்று கேட்டால், அலுமாரிக்கு என்று சொல்லுங்கள்.